வெந்நீர் ஊற்றில் கதவு வெட்டிய கதை

எங்கள் கரமனைத் தெரு குடியிருப்போர் சங்க மலரில் குழந்தைகள் பக்கம் என்று ஒன்று உண்டு. வருஷா வருஷம் அதில் ஒரு மயில் படமும், புள்ளிகளைச் சேர்த்தால் யானை வரும் படமும் போடுவார்கள். இந்த வருஷம் யானைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு என்னை எழுதச் சொன்னார்கள். தெருப் பிள்ளைகள் டிவியில் ஒரு செய்தி பார்த்திருக்கிறார்கள். ஆலைப் புகையில் இருக்கும் கரியமில வாயுவைப் பிடித்து, பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் அடைத்து வைக்கப் போகிறார்களாம். "மணி மாமா அந்த மாதிரி ஆபீஸ்லதானே இருந்தார்" என்று யாரோ சொல்ல, சாயங்காலம் என் வாசலில் ஒரு கூட்டம்.

"மாமா, நீங்கதான் அதை உள்ள வச்சு மூடினேளா?"

நான் ஒரு நாளும் எதையும் உள்ளே வைத்ததில்லை. அது தானாக வெளியே வருகிற இடங்களாகப் பார்த்துப் போய், எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் உத்யோகம். இதைச் சொன்னதும் பாதிப் பேர் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நின்ற மீதிப் பேருக்கும், அப்பா வடக்கே போனால் உதடு வெடித்துத் திரும்பி வருவார் என்பதற்கு மேல் என் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாத என் சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். மலையாளம் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்தாம் கிளாஸுக்கு மேலே படித்த பிரீடிகிரியில் நான் கெமிஸ்ட்ரியில் மட்டும் தோற்றேன். மறுபடி எழுதினேன், மறுபடியும் கெமிஸ்ட்ரி. அதனாலோ என்னவோ, எனக்கு வேலை கிடைத்தது கெமிஸ்ட்ரி லாபில். ஊருக்கு வெளியே, பூமியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு அரசாங்க ஆபீஸ். அட்டெண்டர் என்று சேர்ந்து சில வருஷம் குப்பி கழுவினேன். பிறகு, குப்பியை உடைக்காதவன் என்ற நல்ல பேரில், வெளியூர் வேலைக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தார்கள். பயிற்சி என்று இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் தலைவி டாக்டர் ஓமனா. எல்லாருக்கும் ஓமனா மேடம். ஒல்லியான மனுஷி. குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அவர் வாயிலிருந்து அதிகம் வருகிற சொல் "ஒன்னுகூடி". மலையாளத்தில் 'இன்னொரு தடவை' என்று அர்த்தம். எந்த ரீடிங்கைச் சொன்னாலும் ஒன்னுகூடி. அதுவும் அதே வந்தால், இடத்தை மாற்றி ஒன்னுகூடி. மழை பெய்யும், அட்டை காலில் ஏறும், மேடம் குடைக்குள் நின்று ஒன்னுகூடி என்பார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மீட்டரை அவர் பார்க்கவே மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான்தான் வாசிக்க வேண்டும். ஒரு தடவை ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு என்ன வரணும்னு மனசுல ஒரு ஆசை உண்டு, மணி. என் கண்ணு அதைத்தான் பார்க்கும். உனக்கு இதைப் பத்தி ஒரு அபிப்ராயமும் இல்லையல்லோ. நீயே வாசி."

என்னிடம் இருந்த ஒரே தகுதி அதுதான் என்று அன்று தெரிந்துகொண்டேன். பென்ஷன் வரைக்கும் அதைக் காப்பாற்றினேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். பூமிக்குக் கீழே சில இடங்களில் கரியமில வாயு தானாகவே உண்டாகிறது. மேலே கெட்டியான பாறை மூடி மாதிரி உட்கார்ந்திருந்தால், அது யுகக் கணக்காக அங்கேயே கிடக்கும், வெளியே வராது. மூடியில் விரிசல் இருந்தால் அது வழியாக ஏறி வரும். வெந்நீர் ஊற்றுகளில் தண்ணீரோடு சேர்ந்து குமிழ் குமிழாக வரும். மனுஷன் புதிதாக வாயுவை உள்ளே அடைத்து வைப்பதற்கு முன்னால், இயற்கை அடைத்து வைத்தது எப்படி ஒழுகுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மேடத்தின் கட்சி. "பூட்டைப் பத்தித் தெரியணும்னா, திருடு போன வீட்டைப் போய்ப் பார்க்கணும்" என்பார்.

பார்க்கிற முறை ரொம்ப எளிமை. ஒரு குண்டானைத் தரையில் கவிழ்க்க வேண்டும். விளிம்பைச் சுற்றி ஈரக் களிமண் பூசி, காற்று புகாமல் அடைக்க வேண்டும். குண்டான் முதுகில் ஒரு குழாய், குழாய் முனையில் மீட்டர். தரையிலிருந்து வாயு வந்தால் உள்ளே சேரும், மீட்டரில் எண் ஏறும். நம் மூச்சிலும் அதே வாயு இருக்கிறது என்பதால் எல்லாரும் காற்று போகிற திசைப் பக்கமாக, வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். தும்மல் வந்தால் ஓட வேண்டும். ஒவ்வொரு நாள் காலையிலும், வேலை தொடங்கும் முன், மீட்டருக்கு 'இதுதான் வெறும் காற்று' என்று காட்டிக்கொடுக்க வேண்டும். ஒரு பொத்தானை அமுக்கினால், அப்போது அதைச் சுற்றி இருப்பதை வெறும் காற்று என்று நம்பிக்கொள்ளும். மீட்டருக்கு அவ்வளவுதான் புத்தி.

எங்கள் ஆபீஸ் பின்புறத்துப் பலாமரத்தடியில்தான் புது ஆட்களுக்குப் பாடம். அங்கே ஒரு விரிசலும் இல்லை, ஊற்றும் இல்லை. ஆனாலும் குண்டானைக் கவிழ்த்தால் எண் ஏறும். வேரும் மண்ணில் இருக்கிற பூச்சி புழுவும் விடுகிற மூச்சு. மழைக்கு அடுத்த நாள் இன்னும் ஏறும். "ஒண்ணும் இல்லாத இடத்தை முதல்ல அளந்து வை. இல்லேன்னா நாளைக்குப் பலாமரத்து மூச்சுக்கு வேற யாரையோ குற்றம் சொல்லுவே" என்பார் மேடம். புதிதாகச் சேர்ந்த பினு, நெய்யாற்றின்கரைப் பையன், டாக்டர் பட்டம் வாங்கின சூட்டோடு வந்தவன், இதைக் கேட்டுப் பவ்யமாகத் தலையாட்டினான். அந்தப் பினுவும் மேடமும் நானும்தான் அந்தத் தடவை இமயமலைப் பக்கம் போனோம்.

தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட வந்தபோது என் மனைவி கேட்டாள், "ஏன்னா, இவ்வளவு கம்பளியும் கட்டிண்டு நீங்க போறது உத்யோகத்துக்கா, தபஸுக்கா?" பக்கத்தில் நின்ற மேடம், "ரெண்டும் ஒண்ணுதான், சம்பளம் மட்டும் உண்டு" என்றார்.

ரயிலும் பஸ்ஸும் ஜீப்பும் மாறிப் போய்ச் சேர்ந்த இடம் ஒரு ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கு. கரையோரம் ஆவி பறக்கும் ஊற்று. அதை ஒட்டி, மலைச்சரிவைப் பாதி குடைந்து கட்டின மூன்று கல் அறைகள், வரிசையாக. அவற்றுக்கு மேல் மாடியில் தங்கும் இடமும் டீக்கடையும். எல்லாம் கமலா தீதி என்கிற ஒரு அம்மாளுடையது. புருஷன் இல்லை. தனியாக நடத்துகிறாள். கீழ் அறைகளில் ஊற்று நீர் வந்து விழும், யாத்திரைக்காரர்கள் குளிப்பார்கள். நான் சின்ன வயதில் ஹிந்திப் பரீட்சை இரண்டு பாஸ் செய்திருந்ததால் அங்கே நான்தான் மொழிபெயர்ப்பாளன்.

போன அன்றைக்கே தீதி தன் கஷ்டத்தைச் சொல்லிவிட்டாள். மேலே ரோட்டோரம் புதிதாக ஒரு சிமெண்ட் லாட்ஜ் வந்துவிட்டது. அங்கே குளியலறையில் குளிர் இல்லை. அவளுடைய கல் சுவர்களில் கை நுழைகிற சந்துகள், எல்லாவற்றிலும் ஆற்றுக் காற்று. போன வருஷ மேளாத் திருவிழாவில் பாதிப் பேர் மேலே போய்விட்டார்கள்.

"இந்த மேளாவும் போச்சுன்னா, இடத்தை அந்த லாட்ஜ்காரனுக்கே விட்டுட்டு அவன்கிட்டயே பாத்திரம் தேய்க்கப் போகணும்" என்றாள். சொன்னபோது சிரித்தாள். ஆனால் டீ ஊற்றின கை நின்றுவிட்டது. மேளாவின் முதல் பஸ் அந்த வாரக் கடைசியில் வருகிறது.

மூன்று அறைகளில் ஓரத்து அறை தண்ணீர் வராமல் சும்மா கிடந்தது. அதைத்தான் எங்களுக்குக் கொடுத்தாள். தரை இதமான சூடு. மார்கழி மாதம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே காதுக்கு மப்ளர் சுற்றுகிற ஜாதி நாங்கள். அந்தத் தரையைப் பார்த்ததும் மாடியில் படுக்கை, கீழே குடித்தனம் என்று முடிவாகிவிட்டது. மீட்டரின் பாட்டரி குளிரில் செத்துவிடும் என்பது சாக்கு. சாப்பாடு, எழுத்து, மீட்டர் எல்லாம் அந்த அறையில். ஒரே குறை, சந்துகளில் வருகிற காற்று.

"சாமி, அந்தக் களிமண்ணைக் கொஞ்சம் கொழைச்சுத் தா" என்றான் பினு. எங்கள் ஊரில் அக்ரகாரத்து ஆள் எல்லாருமே மலையாளிகளுக்குச் சாமிதான். குழைத்துக் கொடுத்தேன். குண்டான் விளிம்பை அடைத்துப் பழகின கை. சுவர் சந்து ஒவ்வொன்றையும் அடைத்தான். ஜன்னலுக்கு அலுமினிய டேப். கதவுக்கு அடியில் கம்பளி உருட்டி வைத்தான். தண்ணீர் போவதற்காகத் தரையோரம் ஆற்றுப் பக்கம் இருந்த ஓட்டையில்தான் அதிகக் குளிர் வந்தது. அதில் உள்ளங்கை கனத்துக்குக் களிமண் வைத்து அழுத்தினான். மேடம் கையைச் சுவரோரம் நீட்டிப் பார்த்து, "கொள்ளாம், ஒரு துளி காத்து வரலை" என்றார். பாராட்டே வழங்காதவர் வழங்கின பாராட்டு. பினுவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

தீதி எட்டிப் பார்த்தாள். உள்ளே வந்து நின்றாள். வெளியே போக மனசு வரவில்லை. "பாபு, அந்த டேப் இன்னும் இருக்கா?"

பினு தாராளமாகக் கொடுத்தான்.

அடுத்த நாளிலிருந்து எங்களுக்குத் தலைவலி. உயரமான இடம் அப்படித்தான் என்றார் மேடம். தீதியின் டீயில் ஏலம் அதிகம் என்றேன் நான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்தச் சூடான தரையில் கொஞ்சம் சாய்ந்த பினு, மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்தான். ராஜ்மா செரிக்கவில்லை என்று முடிவு செய்து, மறுநாளிலிருந்து தீதியிடம் பருப்பு மட்டும் கேட்டான். பூமியின் மூச்சை அளக்க நாட்டின் தென்கோடியிலிருந்து வந்த மூன்று பேர், தங்கள் மூச்சுக்குச் சமையலில் காரணம் தேடிக்கொண்டிருந்தோம்.

இதற்கிடையில் ஊற்றில் ஒரு அதிசயம். குமிழ் வருகிற வாயில் எண் எகிறியது, அது வழக்கம்தான். அங்கிருந்து சில அடி தள்ளிக் குண்டானைக் கவிழ்த்தால், மீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே காட்டியது. வெறும் காற்றில் இருக்க வேண்டியது கூட அங்கே இல்லையாம்.

"ஒன்னுகூடி" என்றார் மேடம், முகத்தைத் திருப்பியபடி.

மறுபடியும் பூஜ்யத்துக்குக் கீழே. இடம் மாற்றினோம். கீழேதான்.

பினுவுக்குக் கண்ணில் வெளிச்சம். "மேடம், இங்க மண்ணு வாயுவை உள்ள இழுக்குது. விரிசல் வழியா வெளிய விடுது, சுத்தி உள்ள மண்ணு திருப்பி எடுத்துக்குது. இதை யாரும் எழுதினதில்லை."

"எழுதினதில்லைன்னா ரெண்டு காரணம் இருக்கலாம், பினு. நாமதான் முதல்ல பார்த்தோம். இல்லேன்னா நாம மட்டும்தான் இப்படிப் பார்க்கிறோம்." பிறகு என்னிடம் திரும்பினார். "மணி, ஆத்து நடுவுல அந்தப் பெரிய பாறை இருக்கே, அங்க கொண்டு போ. மண்ணு இல்லை, வேரு இல்லை, ஒண்ணும் இல்லை. காத்து மட்டும்."

பாறை மேல் ஏறினேன். காற்று என்னைத் தள்ளியது. மீட்டரைத் தூக்கிப் பிடித்தேன். பூஜ்யத்துக்குக் கீழே.

"பாறையும் இழுக்குது மேடம்" என்று கத்தினேன். எனக்கு அபிப்ராயம் கிடையாது, உள்ளதைச் சொன்னேன்.

மேடம் கரையிலிருந்து மெதுவாக, "காலைல வெறும் காத்துன்னு மீட்டருக்கு எங்க வச்சுக் காட்டினோம்?" என்றார்.

மூன்று பேரும் ஓரத்து அறையைப் பார்த்தோம்.

பிள்ளைகளே, புரிந்ததா? தரை சூடாக இருந்ததே, அந்தச் சூடு வந்த விரிசல் வழியாகத்தான் வாயுவும் வந்துகொண்டிருந்தது. அது காற்றை விடக் கனம். திறந்த வெளியில் காற்று கலைத்துவிடும், ஒன்றும் செய்யாது. பள்ளத்திலும் அடைத்த அறையிலும் தண்ணீர் மாதிரி அடியில் தேங்கும். அறைக்குள் ஓடிய ஆற்றுக் காற்று இத்தனை காலம் அதைக் கலைத்தது, தரையோரத்து ஓட்டை வழியாக அது ஆற்றுக்கு வழிந்து போயிற்று. நாங்கள் போய் அருமையாக மூடினோம். பூமிக்குக் கீழே வைக்க வேண்டிய மூடியை எங்கள் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, அந்தக் கெட்ட காற்றையே நல்ல காற்று என்று மீட்டருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டோம். அதற்கப்புறம் உலகமே அதன் கண்ணுக்கு அதிசுத்தமாகத் தெரிந்ததில் ஆச்சரியம் என்ன? பின்னாளில் வாயு அடைத்து வைக்கிற கம்பெனிக்காரர்கள் யோசனை கேட்டு வரும்போதெல்லாம் மேடம் முதலில் கேட்பது, "உள்ள வைக்கறதுக்கு முன்னாடி அந்த இடத்துல எவ்வளவு இருந்தது, அளந்தீங்களா?" என்றுதான். அளக்காமல் வைத்தால், பிறகு ஒழுகுகிறது என்பவனும் இல்லை என்பவனும் எங்கள் மீட்டர் மாதிரிதான் பேசுவான்.

நான் பாறை மேலேயே மீட்டருக்குச் சரியான காற்றைக் காட்டிவிட்டு ஓடிவந்தேன். அப்போதுதான் மற்ற இரண்டு அறைகளையும் பார்த்தோம். எங்களுடைய டேப். எங்களுடைய களிமண். தண்ணீர் போகிற ஓட்டையில் துணி உருண்டை, ஒவ்வொருவர் குளித்ததும் பிடுங்கி மறுபடி செருகிக்கொள்ளலாம் என்று தீதியின் ஏற்பாடு. பினுவைப் பார்த்து அச்சாகச் செய்திருந்தாள். முதல் பஸ் அன்று மத்தியானம் வருகிறது.

மீட்டரைக் கம்பில் கட்டி, அவள் அறைத் தரைக்குப் பக்கத்தில் நீட்டினோம். எண் உச்சத்துக்குப் போய் நின்றுவிட்டது. மேடம் இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. ஒன்னுகூடி என்றும் சொல்லவில்லை.

"தீதி, எல்லாத்தையும் பிரிக்கணும்" என்று மொழிபெயர்த்தேன்.

"ஏன்?"

"விஷக்காத்து மாதிரி தேங்கியிருக்கு. இந்த டப்பா சொல்லுது."

"காலைலே இதே டப்பாதானே கல்லு மூச்சு விடுதுன்னு சொல்லிச்சு? பாறை மேல நின்னு கத்தினீங்களே, என்னன்னு கேட்டதுக்கு நீங்கதானே சொன்னீங்க."

"இழுக்குதுன்னு சொல்லிச்சு."

"ஏதோ ஒண்ணு. நீங்க மூணு பேரும் அதுக்குள்ளதானே இத்தனை நாளா சாப்பிட்டீங்க? செத்தா போயிட்டீங்க?"

நாங்கள் சாகாமல் இருந்தது வாதத்துக்கு இடைஞ்சலாகிவிட்டது.

மேடம் ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி, தீதியின் நீளக் கரண்டியில் ஒட்டினார். வாசலில் நின்றபடி கரண்டியை உள்ளே நீட்டினார். நெஞ்சு உயரத்தில் நன்றாக எரிந்தது. மெல்ல இறக்கினார். முழங்காலுக்குக் கீழே போனதும் சுடர் திரியை விட்டுத் தூக்கிக்கொண்டது, அணைந்தது.

"காத்து அடிச்சிருக்கும்" என்றாள் தீதி.

"காத்தே வராமத்தானே அடைச்சு வச்சிருக்கே, அப்புறம் எந்தக் காத்து?" என்றார் மேடம். நான் மொழிபெயர்த்தேன். தீதி கரண்டியை வாங்கித் தானே கொளுத்தி, தானே இறக்கினாள். அணைந்தது. மறுபடி கொளுத்தினாள். மறுபடி அணைந்தது.

"குளிர் வந்தா யாரும் வர மாட்டாங்க, மேடம்ஜி" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "நீங்க ஊருக்குப் போயிடுவீங்க. நான் இங்க இருக்கணும்."

மேடம் என்னிடம், "மணி, இதை ஒழுங்கா சொல்லு. குளிக்கிறவங்க நின்னா குளிப்பாங்க? பலகை போட்டு உட்கார்ந்துதானே? கைக்குழந்தையையும் கூட்டிட்டு வருவாங்க. குழந்தையைத் தரையில உட்கார வச்சா, அதோட மூக்கு எவ்வளவு உயரத்துல இருக்கும்?"

சொன்னேன். தீதி கரண்டியைப் பார்த்தாள். முழங்காலைப் பார்த்தாள். பிறகு மாடிக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தேன். ரம்பத்தோடு இறங்கி வந்தாள்.

அறைகளைத் திறந்து போட்டு, காற்று ஓடவிட்டு, கரண்டிச் சுடர் தரை வரைக்கும் நின்று எரிந்த பிறகுதான் மேடம் உள்ளே கால் வைக்க விட்டார். ஓட்டைகளைத் திறந்து கல்லைப் பெயர்த்துப் பெரிதாக்கினோம். மேல் சந்துகளில் சிலதைத் திறந்துவிட்டோம். கதவுகளின் அடிப்பலகையை ஒரு ஜாண் வெட்டினோம். கனத்த வாயு கீழே வழிந்து ஆற்றுப் பக்கம் போகட்டும், சூடு கொஞ்சமாவது மேலே நிற்கட்டும் என்று கணக்கு. அடைத்த அதே வேகத்தில் பினு பெயர்த்தான்.

"கால் தெரியுமே. பொம்பளைங்க எப்படிக் குளிப்பாங்க?" என்றாள் தீதி. அவளே கதவுகளுக்கு எதிரே தள்ளிக் கயிறு கட்டி ஒரு கம்பளியைத் தொங்கவிட்டாள். உள்ளே யாரும் படுக்கக்கூடாது, எந்த ஓட்டையையும் யாரும் அடைக்கக்கூடாது, தினமும் திறப்பதற்கு முன் கரண்டியை இறக்கிப் பார்க்க வேண்டும் என்று மேடம் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

பஸ் வந்தது. கூட்டம் இறங்கியது. முதலில் உள்ளே போன கனத்த ஆசாமி ஈரக் காலில் குளிர் காற்றுப் பட்டதும் அலற ஆரம்பித்தார். கதவை எந்த முட்டாள் வெட்டினான், இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம், மேலே லாட்ஜில் இருந்திருக்கலாமே. வெளியே வரிசையில் நின்றவர்கள் மூட்டையைத் தூக்கலாமா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். பினு எனக்குப் பின்னால் ஒளிந்தான். காரணத்தைச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். தீதி முந்திக்கொண்டாள். விஷயத்தை உள்ளபடி சொன்னால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"சண்டை போடாதீங்க பாயி சாப். தெக்கேருந்து கவர்மெண்ட் பெரிய டாக்டர் அம்மா வந்திருக்காங்க. இந்த ஊத்துல குளிக்கும்போது பாதத்துல குளிர் காத்துப் பட்டா ஆயுசு கூடுமாம். மெஷின் வச்சுக் கண்டுபிடிச்சிருக்காங்க. கதவை அவங்களே வெட்டினாங்க."

வரிசை நின்றது. ஒரு கிழவி செருப்பைக் கழற்றிவிட்டு, முறை வரும் முன்பே பாதத்தைக் கதவுச் சந்துக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் அவளைப் பார்த்துவிட்டு மூட்டையைக் கீழே வைத்தார்கள். உள்ளே இருந்தவரும் குரலைக் குறைத்துக்கொண்டார்.

"அவ என்ன சொல்றா?" என்று மேடம் கேட்டார்.

எனக்குத் தயக்கம். ஒரு ரீடிங்கை நாலு தடவை பார்க்காமல் வாயைத் திறக்காதவர் பேரில் ஒரு ஆராய்ச்சி முடிவே வெளியாகிவிட்டது. ஆனாலும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

மேடம் அந்தக் கிழவியின் பாதத்தையும், கதவின் அடிச் சந்தையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அவ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லையல்லோ" என்றார். பிறகு பினுவிடம் திரும்பி, "கூட்டம் போனதும் இன்னும் ரெண்டு விரல் வெட்டிடு" என்றார்.